உங்கள் பெயரில் விழுந்த குச்சி

எப்போதும் எங்களுக்கு முன்னால் நடந்துபோகும் என் அன்பு அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் கை போகிறது. நீங்கள் பழக்கிவிட்ட பழக்கம். ஆனால் இங்கே நலம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் இதயத்தில் ஒரு வால்வ் சுருங்கிவிட்டது. நாளை மறுநாள் காலை ஒப்பரேசன்.

எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. இதை அம்மாவிடம் சொல்ல முடியாது. உங்கள் பேத்தி அபியிடம் சொன்னால், மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்லி போனில் ஏதோ ஒன்றைத் திறந்து காட்டுகிறாள். மிச்சம் இருப்பது நீங்கள்தான். அதோடு, இந்த விஷயத்தில் உங்கள் பெயரையும் இழுத்துவிட்டிருக்கிறேன். தெரிந்து செய்யவில்லை, ஆனால் செய்துவிட்டேன். அதை உங்களிடம் சொல்லாமல் அம்மாவை ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் போய் மூன்று பனிக்காலம் முடிந்துவிட்டது. ஸ்காபரோவில், மல்வேர்ன் பக்கத்து அதே வீட்டில்தான் இருக்கிறோம். உங்கள் கதிரையில் இப்போது மடிக்காத உடுப்புகள் உட்கார்ந்திருக்கின்றன. அபிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, கலியாணப் பேச்சை எடுத்தால் மட்டும் காது கேட்காது. பஸ் இன்னும் நேரத்துக்கு வருவதில்லை. நீங்கள் டிரைவரிடம் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டுவீர்களே, அதைச் செய்ய இப்போது ஆள் இல்லை.

அம்மாவுக்கு இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. மாடிப்படியில் பாதி ஏறியதும் நின்று, சுவரில் மாட்டியிருக்கும் அபியின் பட்டமளிப்புப் படத்தைப் பார்ப்பார். முதலில் எனக்கு அது பாசமாகத்தான் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் நின்று பார்த்தபோதுதான், மூச்சு வாங்குவதை மறைக்க அந்தப் படத்தைச் சாட்டாக வைத்திருக்கிறார் என்று விளங்கியது. படத்தின் சட்டத்தைத் தொட்டு நேராக்குவதுபோல் ஒரு நடிப்பு வேறு.

டொக்டர் ஒரு பெண்பிள்ளை, பொறுமையானவர். அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் கதைத்தார், நான் நடுவிலிருந்து மொழிபெயர்க்க வேண்டும். ஒப்பரேசன் செய்தால் பழையபடி நடமாடலாம், ஆனால் இந்த வயதில் மேசையிலேயே ஏதும் நடந்துவிடவும் கூடும். செய்யாவிட்டால் மூச்சு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும், அதற்குக் கனகாலம் எடுக்காது. வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்லுங்கள் என்றார். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு நான் அம்மாவைப் பார்த்துச் சொன்னது இதுதான்:

"மருந்து மாத்தப் போகினமாம் அம்மா. யோசிச்சுச் சொல்லட்டாம்."

"உதைச் சொல்லவோ அவ இவ்வளவு நேரம் கதைச்சவ?" என்று கேட்டுவிட்டு அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். அவருக்கு விளங்கியதா என்று டொக்டர் கேட்டார். ஓம், விளங்கியது என்று நான்தான் தலையாட்டினேன்.

அன்று இரவு குமரனுக்குப் போன் எடுத்தேன். பாரிசில் வேலை முடித்து வந்து படுக்கப் போகிற நேரம் பாவம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் எனக்கு ஓகே" என்றான். உங்கள் மகன் நல்லவன், அன்பாகத்தான் சொன்னான். ஆனால் அந்த ஒரு வசனத்தால் அம்மாவின் உயிர் முழுக்க என் மடியில் வந்து விழுந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, செய்வம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல்லில் முடித்திருப்பீர்கள். அது சரியோ பிழையோ, பிறகு நாங்கள் எல்லோரும் உங்களைத் திட்டிக்கொண்டாவது நித்திரை கொண்டிருப்போம்.

யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருந்தது. டோர்செட் பார்க் பக்கம் இருக்கும் சாத்திரியாரிடம் போகலாம் என்றால், அம்மாவின் சாதகக் குறிப்பு இடம்பெயர்ந்தபோதே தொலைந்துவிட்டது. இருந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். உங்களுக்கு ஆயுள் கெட்டி, தொண்ணூறு தாண்டும் என்று சொன்னவர் அவர்தானே. பிறகு உங்கள் செத்தவீட்டுக்கும் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அவரிடம் வாயைத் திறந்தால் அடுத்த நாளே ஸ்காபரோ முழுக்க அம்மாவுக்குச் சுகமில்லை என்று கதை போய்விடும்.

அப்போதுதான் லிங் கேட்டாள், ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று.

லிங்கை உங்களுக்குத் தெரியும். மருந்துப் போத்தல்களுக்கு லேபிள் ஒட்டிப் பெட்டியில் அடுக்கும் எங்கள் கொம்பனியில், பெல்ட்டில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் சீனத்துப் பெண். ஹொங்கொங்கிலிருந்து வந்தவள், என்னைவிட இரண்டொரு வயது மூத்தவள். உங்கள் செத்தவீட்டுக்குத் தங்கள் வழக்கப்படி காசு வைத்த வெள்ளை உறையோடு வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் கடைசிவரை வாசலிலேயே நின்றாளே, அவள்தான்.

என்னைத் தம்பி ஆக்கியதும் அவள்தான் என்று உங்களுக்கு நினைவிருக்கும். நான் முதலில் வந்திறங்கியபோது கடதாசியில் உங்கள் பெயரை முன்னாலும் என் பெயரைப் பின்னாலும் எழுதப்போய், இந்த நாட்டில் என் பெயரே தம்பிராசா ஆகிவிட்டது. நெஞ்சில் குத்தியிருக்கும் பாட்ஜிலும் அதுதான் பெரிதாக இருக்கும். முழுவதையும் சொல்ல வாய் வராமல் லிங் அதைத் தம்பி என்று வெட்டிவிட்டாள். ஐம்பது தாண்டிய மனுசியை லைன் முழுக்கத் தம்பி, தம்பி என்று கூப்பிடுகிறது. அதைக் கேட்டு நீங்கள் இருமல் வரும்வரை சிரித்தீர்கள். அதற்குப் பிறகு நான் வேலையால் வந்து கதவைத் திறந்தால், "என்ன தம்பி, களைச்சுப்போனியோ?" என்றுதான் வரவேற்பு.

லிங் சொன்னாள், இப்படிப்பட்ட நேரத்தில் தாங்கள் கோயிலில் போய்க் குச்சி குலுக்கிப் பார்ப்பார்கள் என்று. அவளுடைய மகன் வேறு ஊருக்கு வேலைக்குப் போகலாமா என்பதற்கும் அப்படித்தான் கேட்டாளாம். எங்கள் ஊரில் சாமிக்கு முன்னால் பூக்கட்டிப் பார்ப்பது மாதிரித்தானே என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை போனோம்.

கோயில் என்றால் கோபுரம் எதையும் நினைக்காதீர்கள். எங்கள் கோயில் மாதிரியே அதுவும் கார் திருத்தும் கடைகளுக்கு நடுவில் ஒரு யூனிற். உள்ளே ஊதுவத்திப் புகை, தட்டில் குவித்த தோடம்பழம், நடுவில் வெள்ளைச் சீலை உடுத்ததுபோல் ஓர் அம்மன். குவான்யின் என்று பெயராம், துன்பப்படுகிறவர்களின் குரலைக் கேட்கிறவளாம். அங்கே சப்பாத்தோடு உள்ளே போகலாம். எனக்குக் கால் கூசியது. நான் கழற்றிவிட்டு சொக்ஸோடு நிற்க, லிங் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மண்டியிட்டதும் முதலில் யார் கேட்கிறார்கள் என்று சொல்ல வேண்டும் என்றாள். பெயர், பிறந்த நாள், இருக்கிற விலாசம், அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி. யாரென்று தெரியாமல் அம்மன் யாருக்குப் பதில் சொல்லுவாள்? எனக்கு அவளுடைய பாஷை தெரியாதென்று லிங்கே பக்கத்தில் மண்டியிட்டு எனக்காகச் சொன்னாள். ஒரு சொல்லும் விளங்காத அந்த முணுமுணுப்புக்கு நடுவே ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது. தம்பிராசா.

கேட்டது அப்பா. கேட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இத்தனை வருசமாக அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தே பழகிவிட்டேன்.

ஒரு மூங்கில் குழாய் நிறையக் குச்சிகள், ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம். சரித்துப் பிடித்துக் குலுக்கினால் ஒன்று மட்டும் மெல்ல மேலெழும்பி வெளியே விழ வேண்டும். நான் வேகமாகக் குலுக்கியதில் ஒரு பிடியே கொட்டிவிட்டது. பொறுக்கிப் போட்டுத் திரும்பக் குலுக்கியதும் ஒன்று விழுந்தது. விழுந்தது என்னுடையதுதானா என்று அம்மனையே கேட்க வேண்டுமாம். அதற்குப் பிறை வடிவில் இரண்டு மரத்துண்டுகள், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. கீழே போட்டால் ஒன்று தட்டையாகவும் மற்றது உருண்டையாகவும் விழ வேண்டும், அதுதான் ஓம். இரண்டும் உருண்டை மேலே வந்தால் இல்லை. நான் போட்டபோது இரண்டும் தட்டை மேலே வந்தது.

"சிரிக்கிறா" என்றாள் லிங், உடைந்த இங்கிலீஷில். "அம்மன் சிரிக்கிறா. கேள்வி தெளிவில்லையாம்."

லிங் திரும்பவும் எல்லாவற்றையும் ஆறுதலாகச் சொன்னாள். திரும்பவும் தம்பிராசா. நான் திரும்பவும் போட்டேன். இந்த முறை ஒன்று தட்டை, ஒன்று உருண்டை. ஓம், இது இவருடைய குச்சிதான்.

அந்த இலக்கத்துக்குரிய சின்ன லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு சிவப்புக் கடதாசித் துண்டை எடுத்து, மேசையில் இருந்த கண்ணாடிக்காரப் பெரியவரிடம் கொடுத்தோம். அவர் சீனத்தில் சொல்ல, லிங் இங்கிலீஷில் சொல்ல, நான் மனதுக்குள் தமிழாக்கினேன். மேலே ஒரு பாட்டு, மூடுபனிக்குள்ளால் ஒரு படகு கரைக்கு வருகிறதாம். கீழே பலன்கள். வீடு அமைதி. நோய்க்குப் பொறுமை வேண்டும். கடைசியில், எதிர்பார்க்கும் ஆள் புறப்பட்டாயிற்று, வந்து சேருவார்.

லிங் என் கையைப் பிடித்து இறுக்கினாள். "வெரி குட், தம்பி. நீ வெளியில காத்துக்கொண்டிருப்பாய், அம்மா ஒப்பரேசன் அறையிலிருந்து வருவா. இதைவிட என்ன வேணும்?" எனக்கு அழுகை வந்துவிட்டது. தோடம்பழத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று சொக்ஸோடு அழுதேன்.

திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆசுபத்திரிக்குப் போன் எடுத்து, செய்வோம் என்று சொல்லிவிட்டேன். நாள் தந்தார்கள். அதற்கு முதல் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள். அம்மாவிடம் ஏதோ டெஸ்ட் என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்க எனக்கு நல்ல நித்திரை.

வெள்ளிக்கிழமை எங்கள் கோயிலுக்குப் போனேன். அம்மாவின் பெயரில் ஓர் அர்ச்சனை. ஐயர் வழக்கம்போல் தட்டை வாங்கிக்கொண்டு, பெயரும் நட்சத்திரமும் கேட்டார். மனோன்மணி, உத்தரட்டாதி என்றேன்.

"உங்கட பேரிலையும் சேர்த்துச் செய்யட்டோ?"

"ஓம் ஐயா. வதனி, பூசம்."

வதனி என்று என் வாய் சொன்ன அந்த நேரத்தில்தான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. அங்கே நான் வதனி இல்லை. அந்த அம்மனுக்கு முன்னால் மண்டியிட்டுக் கேட்டது தம்பிராசா. செத்துப்போன ஒருவரின் பெயரில் உயிரோடு இருக்கிறவரின் காரியத்தைக் கேட்டிருக்கிறேன். திவசத்துக்கு மட்டும் சொல்ல வேண்டிய பெயரை, ஒரு முறைக்கு இரண்டு முறை சொல்லவிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அம்மன் முதலில் சிரித்தது அதற்காகத்தானா? பிறகு ஓம் என்றதே, அது யாருக்கு?

ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் துண்டில் இருந்த கடைசி வரிதான் திரும்பத் திரும்ப ஓடியது. எதிர்பார்க்கும் ஆள் புறப்பட்டாயிற்று, வந்து சேருவார். நான் எதிர்பார்த்திருந்தால் அது அம்மா பிழைத்து வருவது. ஆனால் குச்சி உங்களுடையது என்றால், எதிர்பார்த்துக்கொண்டு இருப்பது நீங்கள். நீங்கள் இருக்கும் இடத்துக்கு யார் புறப்பட்டாயிற்று? யார் வந்து சேரப்போகிறார்?

பஸ்ஸில் வீட்டுக்கு வந்தது எப்படி என்று எனக்குத் தெரியாது. கதவைத் திறந்ததும் அம்மா படியில் நின்று அபியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அபியிடம் சொன்னேன். "அம்மா, சீரியஸ்லி? இட்ஸ் ஜஸ்ட் அ ஸ்டிக்" என்றாள். ஆரோ எப்பவோ எழுதி வைத்த பேப்பராம், ஆருக்கும் பொருந்துமாம். பேசி முடித்துவிட்டு, என்ன இலக்கம் என்று கேட்டாள். சும்மா கேட்டேன் என்றாள். சாப்பாட்டு மேசையில் போனை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனபோது பார்த்தேன், அந்தக் குச்சியின் பலனைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

லிங்கிடம் சொன்னபோது நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். தம்பிராசா என்பது அப்பாவா, அந்த அப்பாவா, நான் வெள்ளை உறை கொண்டுவந்த அப்பாவா என்று மூன்று விதமாகக் கேட்டாள். இன்னொரு முறை போய்ச் சரியான பெயரில் கேட்போமா என்றேன். ஏலாதாம். ஒரு விஷயத்தை ஒருக்கால்தான் கேட்கலாமாம். பதில் பிடிக்கவில்லை என்று திரும்பக் கேட்டால் அம்மனை நம்பவில்லை என்றுதான் அர்த்தமாம்.

நூடில்ஸ் பெட்டியை மூடி வைத்துவிட்டு, "அப்ப உன்ர பேர் என்ன?" என்று கேட்டாள். வதனி என்றேன். வாடனி, வடானி என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இவ்வளவு வருசமாகப் பக்கத்தில் நின்றவள், வெட்கப்பட்டுப்போனாள். அடுத்த நாள் எனக்கு ஒரு பை தோடம்பழம் கொண்டுவந்தாள். கோயிலில் வைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாளாம். மத்தியானத்துக்குள் நான் திரும்பவும் தம்பி ஆகிவிட்டேன், அது வேறு கதை.

ஒப்பரேசனை நிற்பாட்டிவிடலாமா என்று போனைக் கையில் எடுப்பேன். நிற்பாட்டினால் மூச்சு முட்டுமே என்று வைத்துவிடுவேன். செய்து ஏதும் நடந்தால் குச்சி அப்போதே சொன்னதே என்பேன். செய்யாமல் ஏதும் நடந்தால் ஒரு குச்சிக்குப் பயந்து அம்மாவைக் கொன்றேன் என்பேன். அந்தச் சிவப்புத் துண்டை என் கைப்பையில் வைத்திருக்கவும் பயம், எறியவும் பயம். உங்களுக்கு வந்ததை உங்களிடமே சேர்த்துவிடுவோம் என்று, ஹோலில் மாட்டியிருக்கும் உங்கள் படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டேன்.

அந்தப் படத்தை யார் துடைப்பது என்பதை மறந்துபோனேன் பாருங்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்க, அம்மா குசினி வாசலில் வந்து நின்றார். கையில் அந்தத் துண்டு.

"உது என்ன பிள்ளை?"

"கடைப் பில் அம்மா."

"கடைப் பில்லை ஏன் கொப்பற்ற படத்துக்குப் பின்னாலை வைச்சிருக்கிறாய்?"

அதற்குமேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. கத்தியை வைத்துவிட்டு, டொக்டர் சொன்னது முதல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். வால்வ், மேசை, குமரன், குச்சி, உங்கள் பெயர், எதிர்பார்க்கும் ஆள். அம்மா கதிரையை இழுத்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"மருந்து மாத்தினம் எண்டாய்."

"ஓம் அம்மா."

"எனக்கு அண்டைக்கே தெரியும். அந்தப் பிள்ளை என்ர கையைப் பிடிச்சுக்கொண்டெல்லோ கதைச்சவ. மருந்து மாத்துறதுக்கு ஆர் கையைப் பிடிக்கினம்?"

அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்து ஒன்றும் விளங்காது, ஆனாலும் வாசிப்பதுபோல் பார்த்தார்.

"அப்ப, கொப்பர் என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறார் எண்டு சீனத்து அம்மன் சொல்லுறாவோ?"

"அப்பிடித்தான் எனக்குப் படுகுது அம்மா."

அம்மா சிரிக்கத் தொடங்கினார். மேசையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். எனக்குப் பயம் வந்து முதுகைத் தடவிவிட்டேன்.

"அந்த மனுசன் எனக்காக எப்ப பிள்ளை நிண்டது? கலியாணம் முடிஞ்சு கோயில் வாசலால வெளிக்கிட்டு முன்னாலை போனவர், நான் செருப்பைத் தேடிக்கொண்டு நிக்கிறன். எயாப்போட்டில என்ன செய்தவர் எண்டு உனக்குத்தானே தெரியும்."

தெரியும் அப்பா. உங்களையும் அம்மாவையும் ஸ்பொன்சரில் எடுத்த அன்று, நான் பூச்செண்டோடு நிற்கிறேன். நீங்கள் தனியாக வெளியே வந்தீர்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அம்மா எங்கே என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "பின்னால வாறா" என்றீர்கள். சூட்கேஸ் முழுவதையும் தள்ளிக்கொண்டு அம்மா வர இன்னும் எவ்வளவோ நேரமானது. மாலுக்குப் போனாலும் அதுதான், பஸ் ஏறினாலும் அதுதான். நீங்கள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவீர்கள், டிரைவர்தான் அம்மாவுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு இருப்பார். போகும்போதும் அப்படித்தான் போனீர்கள். காலையில் தேத்தண்ணி கேட்டீர்கள், அம்மா கொண்டுவந்தபோது நீங்கள் இல்லை.

சிரித்து முடித்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது முழுக்கச் சிரித்ததால் வந்த தண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"செய்வம் பிள்ளை. உந்தப் படியில நிண்டு நிண்டு அபியின்ர படம் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு."

"பயமில்லையோ அம்மா?"

"பயம்தான். பயமில்லாமல் என்ன? மயக்க மருந்து குடுக்குமட்டும் நீ பக்கத்தில நிக்க விடுவினமோ?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்றைக்கு வெங்காயம் பாதியிலேயே கிடந்தது, அபி பீட்சா எடுத்தாள்.

கையெழுத்து வைக்கப் போனபோது டொக்டரிடம், இன்னொருக்கால் முதலிலிருந்து சொல்லுங்கள் என்று கேட்டேன். இந்த முறை எதையும் விழுங்காமல் மொழிபெயர்த்தேன். மேசையிலேயே என்ற இடத்துக்கு வந்ததும் கையிலிருந்த படிவத்தை நேராக்கத் தொடங்கினேன். "சொல்லு" என்றார் அம்மா. சொன்னேன். அம்மா பேனையை வாங்கி, மனோன்மணி என்று தன் கையால் எழுதினார். பக்கத்தில் தம்பிராசா.

இவ்வளவும் நல்லபடியாகத்தானே இருக்கிறது, பிறகேன் பயப்படுகிறாய் என்று கேட்பீர்கள். அம்மா சிரித்துவிட்டார் அப்பா. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நிற்கத் தெரியாத மனுசன் என்று அம்மா சொல்லுவது நீங்கள் இங்கே இருந்த கதை. அங்கே போன பிறகு நீங்கள் மாறியிருந்தால்? தேத்தண்ணிக்குச் சீனி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஆள், இந்த மூன்று வருசமும் தனியாக என்ன செய்கிறீர்கள்? யாருடைய பேச்சைக் கேட்காததுபோல் இருக்கிறீர்கள்? வாழ்நாளில் முதல்முறையாக எங்கேயோ ஒரு வாசலில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்களோ என்று நினைத்தால், எனக்கு உங்கள்மேல் பாவமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

அம்மா மேலே தன் பையை அடுக்கிக்கொண்டிருக்கிறார். ஆசுபத்திரிக்குப் போக ஒரு சீலை வேண்டுமாம், வெளியே வரும்போது உடுக்க. நான் கவுன் தருவார்கள் என்கிறேன். போறதுக்குக் கவுன், வாறதுக்குச் சீலை என்கிறார். எந்தச் சீலை என்று அபியோடு சண்டை நடக்கிறது. லிங் ஐந்தாறு முறை மெசேஜ் அனுப்பிவிட்டாள், ஒப்பரேசன் நேரத்துக்குத் தான் அம்மனிடம் போய் இருப்பாளாம். இந்த முறை குச்சி ஒன்றும் குலுக்க மாட்டாளாம், சும்மா இருப்பாளாம். வதனி என்று எழுதியிருந்தாள், ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை.

அப்பா, உங்களிடம் நான் பெரிதாக ஒன்றும் கேட்டதில்லை. இதை மட்டும் செய்யுங்கள். நிற்கவேண்டாம். திரும்பிப் பார்க்கவேண்டாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எப்போதும் போகிறதுபோல் நேரே நடந்துகொண்டே இருங்கள். அம்மாவை நான் கூட்டிக்கொண்டு வருவேன், சத்தியமாக. ஆனால் மெதுவாக, அவருடைய நடைக்கு, வழியில் பார்க்க வேண்டிய படமெல்லாம் பார்த்து முடித்த பிறகு. அதுவரைக்கும் அங்கே யாராவது உங்களிடம், மனோன்மணி எங்கே என்று கேட்டால், வழக்கம்போல் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருங்கள்.

பின்னால வாறா.

உங்கள் பெயரை நெஞ்சில் குத்திக்கொண்டு வேலைக்குப் போகும்
மூத்த மகள்
வதனி